மாண்ட்வா முதல் அலிபாக் வரை: வற்றும் கடலோடு ஒரு நாள் நடை

மும்பைக்குத் தெற்கே, துறைமுக வாயைத் தாண்டினால் மாண்ட்வா. அங்கிருந்து கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தால் சாஸவணே, ஆவாஸ், கிஹிம், தள், வர்சோலி என்று ஒவ்வொரு ஊராகக் கடந்து அலிபாக் வந்துவிடும். மொத்தம் 20 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் இறக்கம் கிடையாது, வழி தவறவும் வாய்ப்பில்லை. ஆனாலும் இந்த நடையில் பாதிப் பேர் பாதியில் ஆட்டோ ஏறுகிறார்கள். கால் வலி அதற்குக் காரணமில்லை. நாள் பார்க்காமல் கிளம்பியதுதான் காரணம். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் போனால் நடக்க மணலே இருக்காது, முடிவில் அலிபாக் கரைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் கொலாபா கோட்டைக்கும் போக முடியாது.

அதனால் முதல் வேலை, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்ப்பது. தாராவியோ, மாட்டுங்காவோ, செம்பூரோ, மும்பையில் தமிழ்க் குடும்பம் இருக்கிற வீட்டில் அது இல்லாமலா இருக்கும்! அதில் திதி போட்டிருக்கும். கொங்கண் கரையில் ஒரு பழைய கணக்கு உண்டு: திதி எண்ணை 3-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் கடல் முழுதாக ஏறி நிற்கும் மணி கிடைக்கும். காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று. அதிலிருந்து ஆறேகால் மணி நேரம் தள்ளினால் வற்றம். மராத்தியில் ஏற்றத்துக்குப் பர்தி, வற்றத்துக்கு ஓஹோட்டி என்பார்கள். கரையில் யாரிடம் பேசினாலும் இந்த இரண்டு சொல் போதும்.

போட்டுப் பாருங்கள். சதுர்த்தி என்றால் 4 × 3 ÷ 4 = 3. விடியற்காலை 3 மணிக்கு ஏற்றம், காலை ஒன்பதேகாலுக்கு வற்றம். அஷ்டமிக்கு 6 மணி ஏற்றம், பன்னிரண்டேகாலுக்கு வற்றம். துவாதசிக்கு 9 மணி ஏற்றம், மூன்றேகாலுக்கு வற்றம். பௌர்ணமி, அமாவாசை இரண்டுக்கும் எண் 15. பதினொன்றேகாலுக்குக் கடல் கரையை முட்டிக்கொண்டு நிற்கும். வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் ஒரே கணக்கு. காலண்டரில் ஒரு திதி நடுப்பகலில் மாறுவதாகப் போட்டிருந்தால் சூரிய உதயத்தில் இருக்கும் திதியை எடுங்கள். இந்தக் கணக்கு அரை மணி, முக்கால் மணி முன்பின் ஆகும். எந்த நாள் போகலாம் என்று முடிவு செய்ய இது போதும். நாள் முடிவானதும், மும்பைக்கான ஏற்றவற்ற அட்டவணையில் சரியான நேரத்தையும் மீட்டரையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம்) தளத்தில் கிடைக்கும். அலிபாக்குக்குத் தனி அட்டவணை தேட வேண்டாம், மும்பைக் கணக்கே போதும்.

மீட்டரையும் ஏன் பார்க்கச் சொல்கிறோம் என்றால், எல்லா வற்றமும் ஒரே ஆழத்துக்கு இறங்குவதில்லை. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் சராசரியாக 4.4 மீட்டர் வரை ஏறி 0.8 மீட்டருக்கு இறங்கும். அஷ்டமி, நவமியை ஒட்டி 3.3-க்கு ஏறி 1.9-லேயே நின்றுவிடும். அட்டமி நவமியில் நல்ல காரியம் ஆகாது என்பார்களே, கோட்டைக்கு நடந்து போகிற காரியத்துக்கு அது அப்படியே பொருந்தும். மதியம் வற்றம் வருகிறது என்று ஆசைப்பட்டு அந்த நாளைத் தேர்ந்தெடுத்தால் கோட்டைக்கு முன்னால் தண்ணீர் முழுதாக விலகாது.

இந்த நடைக்குத் தோதான நாள் துவாதசி. காலை 9 மணிக்கு ஏற்றம் முடிந்துவிடும். அதன் பிறகு நீங்கள் நடக்க நடக்கக் கடல் விலகிக்கொண்டே போகும், மணல் அகலமாகிக்கொண்டே வரும், அலிபாக் போய்ச் சேரும்போது கோட்டைக்கு வழி திறந்திருக்கும். ஏகாதசியும் சரிதான், வற்றம் இரண்டரைக்கு. ஆனால் கொஞ்சம் வேகமாக நடக்க வேண்டும், விரதம் இருப்பவர்களுக்கு ஆகாது. திரயோதசியன்று தண்ணீர் இன்னும் கீழே இறங்கும். ஆனால் வற்றம் நான்கு மணிக்கு என்பதால் திரும்பும் படகைப் பிடிப்பது இழுபறி. அன்று போனால் பஸ்ஸில் திரும்புவதாகவே திட்டம் போடுங்கள். மாதத்துக்கு இரண்டு துவாதசி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை எட்டோ ஒன்பதோ வரும். ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் கிஹிமிலும் அலிபாக்கிலும் கூட்டம் இருக்கும், பரவாயில்லை. மார்ச்சுக்குப் பிறகு வெயில் தாங்காது. மழைக்காலத்தில் கேட்வேயிலிருந்து படகே ஓடாது.

போகும் வழி. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகு காலை ஆறேகால் வாக்கில் தொடங்குகிறது. பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் படகைப் பிடிக்க வேண்டும், இரண்டாவது என்றால் நாள் முழுக்க ஓட்டம்தான். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முந்தின நாள் உறுதி செய்துகொள்ளுங்கள். செம்பூர், வடாலா பக்கம் இருப்பவர்கள் ஹார்பர் லைனில், சயான், மாட்டுங்காக்காரர்கள் சென்ட்ரலில் வி.டி. (இப்போதைய சி.எஸ்.எம்.டி.) நிலையம் வந்து, அங்கிருந்து டாக்ஸி பிடித்தால் பத்து நிமிடம். நடந்தால் அரை மணி. மஸ்காவ் பக்கம் பாவுச்சா தக்காவிலிருந்து ரோ-ரோ கப்பலும் 2020 முதல் மாண்ட்வாவுக்கு ஓடுகிறது. வண்டியோடு போகிறவர்களுக்கு அது வசதி, நடக்கப் போகிறவர்களுக்கு வண்டி எதற்கு?

கேட்வே டிக்கெட்டில் மாண்ட்வாவிலிருந்து அலிபாக்குக்கான பஸ்ஸும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். போகும்போது அது உங்களுக்கு வேண்டாம், திரும்பும்போது வேண்டும். எனவே டிக்கெட் வாங்கும்போதே, அலிபாக்கில் பஸ் எங்கே நிற்கும், கடைசிப் படகுக்கான பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். படகு நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே அந்த பஸ் கிளம்பிவிடும். படகு நேரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கோட்டையில் உட்கார்ந்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பையில் என்ன வேண்டும்? ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். 2 லிட்டரோடு தொடங்கி கிஹிமில் நிரப்பிக்கொண்டாலும் சரி. சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடி தடவி நல்லெண்ணெய் ஊற்றிய இட்லி, புளியோதரை. தயிர்சாதம் வேண்டாம், 12 மணி வெயிலில் புளித்துவிடும். தேங்காய்ச் சட்னி அதைவிட மோசம். காலுக்குப் பின்வார் இறுக்கமாக உள்ள செருப்பு; சாதாரண ரப்பர் செருப்பு சேற்றில் உருவிக்கொண்டு போய்விடும். ஷூ போட்டால் மணல் ஏறும், நனைந்தால் கொப்புளம். தொப்பி, முழுக்கைச் சட்டை, ஒரு துண்டு. போனை வைக்க இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பை ஒன்று. சன்ஸ்கிரீன் பூசுகிறவர்கள் வலது கன்னம், வலது காது, வலது கழுத்துக்கு இரண்டு தடவை பூசுங்கள். தெற்கே நடக்கிறீர்கள், மதியத்துக்கு மேல் வெயில் வலப்பக்கத்திலிருந்தே அடிக்கும், தண்ணீரில் பட்டும் எதிரடிக்கும். அலிபாக்கிலிருந்து வடக்கே நடக்காதீர்கள் என்பதற்குக் காரணம் காற்று: மதியம் எழும் கடற்காற்று வடமேற்கிலிருந்து வரும். தெற்கே போனால் முதுகைத் தள்ளும், வடக்கே போனால் முகத்தில் மணலை அடிக்கும்.

மாண்ட்வா இறங்குதுறையில் ஏழேகாலுக்கு இறங்கினால் கடல் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் உடனே மணலில் இறங்காதீர்கள். இந்தப் பகுதியில் பங்களாக்களின் சுற்றுச்சுவர்கள் கடல் வரை வந்திருக்கின்றன. ஏற்றத்தில் தண்ணீர் சுவரைத் தொடும், நடுவில் மாட்டினால் திரும்பி வர வேண்டியதுதான். முதல் 4 கிலோமீட்டரை ஊர்ச் சாலையிலேயே நடந்து சாஸவணே போங்கள். தென்னை, பாக்குத் தோப்புகள், ஓட்டு வீடுகள், காலை நிழல். சாலையில் 50 நிமிடத்தில் முடிகிற தூரம். சாஸவணேயில் சிற்பி கர்மார்க்கரின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. புனேயில் 1928-இல் நிறுவப்பட்ட குதிரை மேல் சிவாஜி சிலையைச் செய்தவர். சிமெண்ட்டில் செய்த எருமையும் மனிதர்களும் தோட்டத்திலேயே உயிரோடு நிற்பதுபோல் நிற்கும். இட்லியை இங்கே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதரை வாக்கில் மணலில் இறங்கலாம். எங்கே கால் வைப்பது என்பதில்தான் நாளின் மிச்சம் இருக்கிறது. மேலே உலர்ந்த மணலில் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் புதையும், ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் கெஞ்சும். தண்ணீர் இப்போதுதான் விலகிய ஈர மணலைத் தேடுங்கள். அதிலும் எல்லா ஈரமும் ஒன்றல்ல. கால் வைத்ததும் பாதத்தைச் சுற்றி மணல் ஒரு நொடி வெளுத்து உலர்ந்தாற்போல் ஆனால் அது கெட்டி மணல், தைரியமாக நடக்கலாம். அழுத்தியதும் பளபளத்துத் தண்ணீர் கசிந்தால் அடியில் சேறு. ஐந்தாறு அடி மேலே ஏறிக்கொள்ளுங்கள். சின்ன நண்டுகள் துளையைச் சுற்றி மிளகு அளவுக்கு மணல் உருண்டைகளைக் கோலம்போல் பரப்பி வைத்திருக்கும் இடம் தெரியும். உருண்டைகள் கலையாமல் இருந்தால் தண்ணீர் அங்கிருந்து போய்க் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது, இன்னும் திரும்பவில்லை என்று அர்த்தம். கடிகாரம் பார்க்காமலே நேரம் சொல்லும் அடையாளம் இது.

கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும் இடங்களில் வலது கால் எப்போதும் பள்ளத்திலேயே விழும். 5 கிலோமீட்டருக்கு மேல் அப்படி நடந்தால் இடுப்பும் இடது முட்டியும் வலிக்கத் தொடங்கும். சரிவு குறைந்த பட்டையைத் தேடி மேலும் கீழுமாக மாறி மாறி நடங்கள். அரை மணிக்கு ஒருமுறை பின்பக்கம் திரும்பி நின்று கெண்டைக்கால் தசையை நீட்டிவிட்டுப் போனால் போதும். ஈர மணலில் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள், சாலை வேகத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

ஆவாஸ் கடற்கரை இந்த நடையின் அமைதியான பகுதி. ஓரமாகச் சவுக்கு மரங்கள், இடப்பக்கம் உள்ளே கனகேஷ்வர் மலை. மலை இடது தோளுக்குப் பின்னால் போய்விட்டதென்றால் கிஹிம் வந்துகொண்டிருக்கிறது. ஆவாஸ் தாண்டிக் கிஹிம் வரை ஏறக்குறைய 4 கிலோமீட்டர். வழியில் கழிமுக ஓடைகள் மணலை அறுத்துக்கொண்டு கடலில் சேரும். கணுக்கால் ஆழம் என்றால் நேராகக் கடக்கலாம். முட்டியைத் தாண்டும் என்று தோன்றினால் கடல் பக்கமாகப் போய், ஓடை விரிந்து ஆழம் குறையும் இடத்தில் கடங்கள். மேலே, ஓடை ஒடுங்கும் இடத்தில்தான் ஆழமும் சேறும். அங்கே குச்சி ஊன்றிப் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

கிஹிமில் பதினொன்றேகால், பதினொன்றரைக்கு வந்து சேரலாம். கடைகள் இருக்கும், கோகம் சர்பத், இளநீர் கிடைக்கும். இளநீருக்கு மராத்தியில் ஷஹாளே. காபி மட்டும் கேட்காதீர்கள், கேட்டால் வருவதைக் குடித்துவிட்டு நம்மைக் குறை சொல்லக் கூடாது. பறவை அறிஞர் சாலிம் அலி 1930-இல் தூக்கணாங்குருவிகளின் குடும்ப வாழ்க்கையை மாதக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தது இந்த ஊரில்தான். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டி வைத்துக்கொண்டு பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியைக் கட்டும் என்பதை இங்கே பார்த்து எழுதினார். குளிர்காலத்தில் கடற்காகங்கள் கூட்டமாக மணலில் உட்கார்ந்திருக்கும். சுற்றிப் போங்கள், கலைக்காதீர்கள்.

கால் மணி ஓய்வு எடுங்கள். கால் வலிக்கிறது, கூட வந்த பெரியவருக்கு முடியவில்லை என்றால் நிறுத்த ஏற்ற இடம் இதுதான். 2 கிலோமீட்டர் உள்ளே சோண்டி நாகா, அங்கே அலிபாக்குக்கும் மாண்ட்வாவுக்கும் ஷேர் ஆட்டோ ஓடுகிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்யலாம்: மாண்ட்வாவிலிருந்து வண்டியில் சோண்டி வந்து, கிஹிமிலிருந்து நடையைத் தொடங்கினால் அலிபாக் வரை 10 கிலோமீட்டர்தான்.

கிஹிமிலிருந்து தள் வரை பாறைத்திட்டுகள் குறுக்கிடும். இந்நேரம் தண்ணீர் நன்றாக இறங்கியிருப்பதால் பாறைக்கு வெளியே மணலில் சுற்றிப் போகலாம். பச்சைப் பாசி படிந்த பாறையில் கால் வைக்கவே வேண்டாம், எண்ணெய் ஊற்றியதுபோல் வழுக்கும். கருப்பாகச் சொரசொரப்பாக இருப்பது வழுக்காது, ஆனால் ஒட்டியிருக்கும் சிப்பி விளிம்பு பிளேடு மாதிரி. விழுந்தால் கையை ஊன்றுவோம், கிழிவது உள்ளங்கைதான். செருப்பைக் கழற்றாதீர்கள்.

தள் மீனவ ஊர். கோலிகளின் படகுகள் வரிசையாக நிற்கும், மூங்கில் பந்தலில் பொம்பில் மீன் காயும். படகு கட்டியிருக்கும் கயிறுகள் ஈர மணலில் புதைந்து கிடக்கும், பார்த்து நடங்கள். காயப்போட்ட மீனுக்கு நடுவே குறுக்கு வழி தேட வேண்டாம், படம் எடுக்கும் முன் கேளுங்கள். இங்கிருந்து கடலில் இரண்டு தீவுகள் தெரியும். கிட்டத்தில் இருப்பது உந்தேரி, தள்ளி இருப்பது கந்தேரி. சிவாஜி 1679-இல் கந்தேரியைப் பிடித்துக் கோட்டை கட்ட, பதிலுக்கு ஜஞ்சிராத் தீவுக்கோட்டையை ஆண்ட சித்தி வம்சத் தலைவர் 1680-இல் உந்தேரியில் உட்கார்ந்துகொண்டார். மும்பைத் துறைமுகத்துக்குள் போகும் கப்பலை யார் கவனிப்பது என்பதுதான் சண்டை. கந்தேரியில் நிற்கும் கலங்கரை விளக்கம் 1867-இல் வந்தது. மராத்தியக் கோட்டைகளை 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது கந்தேரியும் அதில் இடம்பெற்றது, கொலாபாவும் உந்தேரியும் இடம்பெறவில்லை.

தள்ளிலிருந்து வர்சோலி வழியாக அலிபாக் 5 கிலோமீட்டருக்குள். அகலமான கெட்டி மணல், வேகம் தானாகக் கூடும். இரண்டரை வாக்கில் அலிபாக் கடற்கரைக்கு வந்துவிடுவீர்கள். மும்பையில் மின்சார டிராம் வரப்போகிறது, காந்த ஊசி ஆடும் என்பதற்காக 1904-இல் கொலாபாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட காந்தவியல் ஆய்வகம் கரையை ஒட்டியே இருக்கிறது. பெயர்க் குழப்பம் வேண்டாம்: அது மும்பைக் கொலாபா, எதிரே கடலில் நிற்பது அலிபாக்கின் கொலாபா கோட்டை.

கோட்டை கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் போல. நடக்க 25 நிமிடம். நேரக் கணக்கு கறாராக இருக்க வேண்டும்: வற்ற நேரத்துக்கு 45 நிமிடம் முன்னதாகக் கரையை விட்டுப் புறப்படுங்கள், வற்றம் முடிந்து அரை மணிக்குள் கோட்டை வாசலை விட்டு இறங்கிவிடுங்கள். ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. அன்றைய ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 3 மீட்டர் என்று வையுங்கள். முதல் மணியில் 25 சென்டிமீட்டர்தான் ஏறும். ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். இரண்டாவது மணியில் 50. மூன்றாவது, நான்காவது மணிகளில் 75, 75. கணுக்காலில் இருந்த தண்ணீர் அப்படித்தான் இடுப்புக்கு வருகிறது, அதுவும் பக்கவாட்டில் இழுக்கும். முன்னால் போனவர்கள் திரும்பவில்லையே என்று அவர்களை நம்பி உட்காராதீர்கள். அவர்களுக்குப் படகோ குதிரை வண்டியோ பேசி வைத்திருக்கும்.

அட்டவணையில் வற்றம் 1 மீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் நடையாகவே போகலாம். அதற்கு மேல் என்றால் கரையில் நிற்கும் குதிரை வண்டிக்காரரிடம் ‘சாலத் ஜாதா யேயில் கா?’ என்று கேளுங்கள், நடந்து போக முடியுமா என்று அர்த்தம். அவருக்கு உங்களை ஏற்றினால்தான் காசு. ஆகவே அவரே ‘நடந்து போங்க’ என்றால் தாராளமாகப் போகலாம். முடியாது என்றால் பக்கத்தில் மீன் வலை காயவைப்பவரிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

கோட்டை சிவாஜி காலத்தில் தொடங்கி சம்பாஜி காலத்தில் 1681-இல் முடிந்தது. பிறகு மராத்தியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்ரேயின் தளம். 1721-இல் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் சேர்ந்து தாக்கியும் பிடிக்க முடியவில்லை. நுழைவுக் கட்டணம் உண்டு, சில்லறை வைத்திருங்கள். 45 நிமிடத்தில் மூன்று விஷயம் பார்க்கலாம்: ரகோஜி ஆங்ரே 1759-இல் கட்டிய சித்திவிநாயகர் கோயில், நாலாபுறமும் உப்புநீர் சூழ்ந்திருக்க உள்ளே இருக்கும் நன்னீர்க் கிணறு, வடக்கு மதில் பக்கம் சக்கரத்தோடு நிற்கும் இரண்டு இரும்புப் பீரங்கிகள். பீரங்கியில் லோமூர் இரும்பாலை என்று வார்ப்பு எழுத்து தெரியும், யார்க்‌ஷயரிலிருந்து வந்தவை. மதில் மேல் கைப்பிடி கிடையாது, குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாலேகாலுக்குள் கரை. படகு பஸ் கிளம்பும் நேரம் நெருங்கியிருந்தால் நேராக அங்கே ஓடுங்கள். விட்டுவிட்டால் பதற்றம் வேண்டாம், அலிபாக் எஸ்.டி. (அரசு பஸ்) நிலையத்திலிருந்து பென் வழியாகப் பன்வேலுக்கு பஸ் இருக்கிறது. பன்வேலில் ஹார்பர் லைன் லோக்கல் பிடித்தால் நெருள், செம்பூர், வடாலா எல்லாம் ஒரே வண்டியில். செம்பூருக்கும் நவி மும்பைக்கும் போகிறவர்களுக்கு உண்மையில் இதுவே சௌகரியம், சாலை நெரிசல் மட்டும்தான் சோதனை. பிப்ரவரி கடைசிக்கு மேல் போகிறவர்கள் பஸ் ஏறும் முன் வெள்ளை வெங்காயச் சரம் ஒன்று வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்றது, பின்னல்போல் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். காரம் குறைவு, தயிர்ப் பச்சடிக்கு அருமையாக இருக்கும். சாம்பாரில் போட்டால் இனிப்பு தூக்கும்.